யாருக்கு முதல் வழி?

புதுச்சேரி சாரத்தில் காமராஜர் சாலையை மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து கடக்கிறவர்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறார்கள். பாலாஜி தியேட்டர் பக்கமிருந்து வரும் டெம்போ நமக்காக நிற்காது. ஆள் ஏற இருந்தால் நிற்கும், அதுவும் சொல்லாமல் நிற்கும். அது நின்றதும் பின்னால் வரும் கார் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே பாயும். காருக்கு வலப்பக்கம் ஒரு பைக், இடப்பக்கம் ஒரு பைக். பாதிச் சாலையைக் கடந்து நடுவில் நின்றுவிட்டால், ராஜீவ் சிலைப் பக்கமிருந்து வரும் தனியார் பஸ்ஸுக்கு மறுபடி ஒரு கணக்கு. இவை எல்லாம் போன பிறகு ஏதாவது இடைவெளி மிச்சமிருந்தால் அது நடப்பவருக்கு. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து வாசலில் வண்டிகள் இரட்டை வரிசையில் நின்றுவிட்டால் அந்த இடைவெளியும் கிடைக்காது. அவ்வை திடலில் ஏதாவது கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு ஒழுங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்டிப்பான ஒழுங்கே இருக்கிறது. டிப்பர் லாரிக்குப் பஸ் வழி விடும். பஸ்ஸுக்கு டெம்போ, டெம்போவுக்குக் கார், காருக்குப் பைக், பைக்குக்குச் சைக்கிள், சைக்கிளுக்கு நடந்து வருகிற கிழவி. யாருடைய உடம்புக்கு அதிகம் சேதம் வருமோ அவர் ஒதுங்க வேண்டும் என்பது இதன் சட்டம். எவரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தைச் சின்னப் பையன் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். எழுதி வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

எழுதி வைத்த சட்டம் நேர் எதிராகச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் வந்தது 1988இல். அதன் கீழ் 1989இல் சாலை விதிமுறைகள் வந்தன. 2017இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் வந்தன. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று அவை ஓட்டுநரின் கடமையாகவே எழுதிவைத்திருக்கின்றன. வரிக்குதிரைக் கோட்டில் நடப்பவருக்கு முதல் வழி. சிக்னலும் போலீஸும் இல்லாத முச்சந்தியில், பிரதான சாலையில் வருகிறவருக்கு முதல் வழி. இரண்டும் ஒரே மாதிரித் தெருவென்றால் நமக்கு வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு முதல் வழி. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதல் வழி. மொத்தத்தில் எந்த இடத்திலும் வண்டியின் எடையைப் பற்றிப் பேச்சே இல்லை.

வலப்பக்கத்துக்கு வழி விடும் இந்த விதி புதுச்சேரிக்கு அந்நியமானதும் இல்லை. பிரான்ஸ் 1921இல் தன் முதல் சாலைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோதே சந்திப்புகளில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை என்று எழுதிக்கொண்டது. அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள், நாம் இடப்பக்கம். ஆனாலும் இந்த ஒரு விதியில் இரண்டு நாடுகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியைப் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனபடியே நாம் வைத்துக்கொண்டோம். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொப்பிக்காரர் எந்த விதிக்காகச் சந்தியில் நிற்கிறார் என்பதுதான் நமக்கு மறந்துவிட்டது.

பிரான்ஸ் 1985இல் இன்னொரு சட்டம் போட்டது. அப்போதைய நீதித்துறை அமைச்சர் ரொபேர் பதேந்தேர் பெயரால் அது அறியப்படுகிறது. மோட்டார் வண்டி மோதி நடப்பவரோ சைக்கிளில் போனவரோ காயம் பட்டால், மன்னிக்கவே முடியாத பெருந்தவறு அவருடையதாக மட்டும் இருந்தாலொழிய, உடற்காயத்துக்கான இழப்பீட்டை அவருக்கு மறுக்க முடியாது. பதினாறு வயதுக்குக் கீழும் எழுபது வயதுக்கு மேலும் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் பெரிது. புதுச்சேரி அதற்கு வெகு முன்பே, 1962இல், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டதால் அந்தச் சட்டம் நமக்கு வரவில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கிற எண்ணம் எந்த ஊருக்கும் பொருந்தும். தெருவுக்கு ஆபத்தைக் கொண்டுவருகிறவர் யாரோ, பொறுப்பின் பெரும்பங்கு அவருக்கு. ஆயிரம் கிலோ இரும்பை ஓட்டிக்கொண்டு வருகிறவரும் காய்கறிப் பையோடு வருகிறவரும் சமமான ஆபத்தைக் கொண்டுவரவில்லை.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அடுத்த ஆண்டு அது ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. 2022இல் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்து போனவர்கள் ஏறத்தாழ 20 பேர். ஆக, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சாவு அந்த எழுதாத சட்டத்தின் கடைசிப் படிகளில் நிற்பவர்களுடையது. இறப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகம் என்ற காரணத்தின் கீழ் வருகின்றன. காரணம் என்று போலீஸ் பதிவேட்டில் ஒரு கட்டத்தில் ஒரு சொல்லைத்தான் எழுத முடியும். அந்த வேகத்துக்கு முன்னால் ஒருவர் ஒதுங்க மறுத்தாரா, ஒருவர் முந்தப் பார்த்தாரா, சந்தியில் இருவரும் ‘அவன் நிற்பான்’ என்று நினைத்தார்களா என்பதற்கெல்லாம் அங்கே கட்டம் கிடையாது.

அவசரத்தின் லாபத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நூறடிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போக, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நிமிடம் ஆகும். 40இல் மூன்று நிமிடம். மிச்சம் ஒரு நிமிடம். அதையும் இந்திரா சிலை சிக்னலில் சிவப்பு விளக்குக்கு முன்னால் கால் ஊன்றிக் கொடுத்துவிடுகிறோம். நாம் முந்திவந்த ஆள் பின்னாலேயே வந்து பக்கத்தில் நிற்கிறார். இனிச் செலவைப் பார்ப்போம். 60இல் போகும் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஆள் வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாவது வேண்டும். அந்த 17 மீட்டரும் பிரேக் இல்லாமலே போகும். பிறகு உலர்ந்த நல்ல தாரில் நிற்க இன்னொரு 20 மீட்டர். 40இல் போகும் வண்டிக்கு இரண்டும் சேர்ந்தே ஏறக்குறைய 20 மீட்டர்தான். அதாவது 20 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை பந்தைத் துரத்தி வந்தால், 40இல் வந்தவர் குழந்தைக்கு முன்னால் நின்று திட்டிவிட்டுப் போவார். 60இல் வந்தவர் அதே இடத்தில் இன்னும் 55 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். கூடுதலாக வைத்தது 20. மோதும்போது கையில் இருப்பது 55. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரைக் குடிக்கும் விபத்தின் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பொருள் இதுதான்.

இந்தக் கணக்கு தெரியாததால் நாம் வழி விடாமல் இருக்கிறோம் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு தெரிந்தவர்களும் விடுவதில்லை. இன்ஜினியர்கள், டாக்டர்கள், இயற்பியல் வாத்தியார்கள் எல்லோரும் அதே நூறடிச் சாலையில்தான் ஓட்டுகிறார்கள். ஒதுங்குவதில் ஏதோ தோற்றுப்போகிற உணர்வு நமக்கு இருக்கிறது. ஒருவன் நம்மை முந்திப் போனால் பணம் போகவில்லை, நேரமும் போகவில்லை. ஆனாலும் ஏதோ போய்விட்டது போல ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறோம். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி “விடுங்க, அவன் போறான்” என்றால் அவள் மீதும் ஒரு கோபம் வருகிறது.

இப்படி ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற அதே ஆள் சாரத்தின் உள்தெருக்களில் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டு பைக் ஒதுங்கவே இடமில்லாத சந்து. ஒரு பக்கம் கோலம், ஒரு பக்கம் நிறுத்திய ஆட்டோ, நடுவில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா. எதிரே வருகிற வண்டியைப் பார்த்ததும் இவர் காலை ஊன்றிப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறார்.

“நீ வாண்ணே.”

“இல்ல தம்பி, நீ போ. நான் இங்கதான் திரும்பணும்.”

“அட, வாண்ணே.”

யாரும் இதை விட்டுக்கொடுத்தல் என்று நினைப்பதில்லை. அந்த அண்ணனை நாளைக்கு டீக்கடையில் பார்க்க வேண்டும், அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டும். முகம் தெரிந்த இடத்தில் நம் மரியாதை தானாக வருகிறது. பந்தியில் இலை போட்டுவிட்டால் பெரியவர் உட்காரட்டும் என்று நின்றுகொண்டே இருப்போம். பசி வயிற்றைக் கிள்ளினாலும் முந்தி உட்காரமாட்டோம். அதே தம்பி காமராஜர் சாலையில் ஏறி ராஜீவ் சிலைப் பக்கம் திரும்பியதும் வேறு ஆளாகிவிடுகிறான். அங்கே எதிரே வருவது அண்ணன் இல்லை, ஒரு நம்பர் பிளேட். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு முகம் இல்லை. தெரிந்தவருக்குச் செய்வது உறவு. தெரியாதவருக்கும் அதையே செய்தால்தான் அறம் என்று பேர் வரும். சாலை, நம் வாழ்க்கையில் தெரியாத மனிதர்களை மிக அதிகமாகச் சந்திக்கிற இடம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் எவருக்கும் நாம் நல்லவர் என்று நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. அதனால்தான் நாம் எப்படிப்பட்டவர் என்பது அங்கே சுலபமாகத் தெரிந்துவிடுகிறது.

தமிழர்களுக்குச் சாலை விபத்துக் கதை புதிதல்ல. மனுநீதிச் சோழன் கதையை எல்லோரும் நீதிக் கதையாகத்தான் படித்திருக்கிறோம். பெரியபுராணம் சொல்கிறபடி அது முதலில் ஒரு விபத்துக் கதை. அரசிளங்குமரன் படையும் பரிவாரமும் புடைசூழ, ஆரவாரத்தோடு தேரில் வருகிறான். ஒரு கன்று துள்ளி ஓடிவருகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. வேண்டுமென்றே ஏற்றவும் இல்லை. கன்று அடிபட்டதும் பதறித் துடிக்கிறான். மந்திரியும் அரசனிடம் இதையே சொல்கிறார்: தெரியாமல் நடந்தது, வேதம் வல்லவர்கள் சொல்லும் பிராயச்சித்தம் செய்துவிடலாம். அரசன் அதை ஏற்கவில்லை. திருவாரூரில் கோயிலுக்கு வெளியே அந்தக் கதையைச் சொல்லும் கல்தேர் இன்றும் நிற்கிறது.

மகன் மேல் தேரேற்றிய அந்தத் தண்டனையை இன்று எவரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. எனக்கு உறுத்துவது மந்திரியின் யோசனை. இன்றைக்கு நாம் எல்லோரும் மந்திரி பக்கம்தான் இருக்கிறோம். இன்சூரன்ஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கோர்ட்டில் இழப்பீடு வாங்கிக்கொள்ளட்டும், ‘தெரியாமல்தானே நடந்தது’. உண்மைதான், எல்லா விபத்தும் தெரியாமல்தான் நடக்கிறது. ஆரவாரத்தோடு வருகிறவன் தெருவில் கன்று இருக்கலாம் என்று முன்கூட்டியே நினைக்கவில்லையே, அது தெரியாமல் நடந்ததா என்பதுதான் அந்தக் கதை எனக்குள் எழுப்பும் கேள்வி. ஊர்வலமாக வரும் கட்சிக்காரர்களின் பைக் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேர் நினைவுக்கு வரும்.

ஆரவாரத்துக்கு நேர் எதிரான தேர் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. மழைக்காலத்தில் வீடு திரும்பும் தலைவன், வழியில் பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் மிரண்டுவிடக் கூடாது என்று தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கும் அவசரம்தான். காத்திருக்கும் மனைவியை விடப் பெரிய அவசரம் எது? இதைப் பள்ளியில் இயற்கை நேசம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது ஓட்டுநர் ஒழுக்கமாகவே படுகிறது. தன் அவசரத்தின் சத்தம் இன்னொரு உயிரின் மேல் விழக் கூடாது என்று அவன் நினைத்திருக்கிறான். நம் ஹாரன் வேறு வேலை செய்கிறது. ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்ல வைத்த கருவியை ‘நீ இருக்காதே’ என்று சொல்லப் பயன்படுத்துகிறோம். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே பின்னாலிருந்து ஹாரன் வந்துவிடுகிறது. ஹெட்லைட்டும் அப்படித்தான். எதிரே வருகிறவர் லைட்டை இரண்டு முறை சிமிட்டினால் ‘நான் வந்துகொண்டே இருக்கிறேன், நீ நில்’ என்று நாம் படித்துக்கொள்கிறோம். இங்கிலாந்து போன நம் பிள்ளைகள் அங்கே அதே சிமிட்டலுக்கு ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள்கொள்ளும் வழக்கத்தைப் பார்த்து முதலில் தடுமாறியதைச் சொல்லியிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் சாலைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் அது ஹெல்மெட்டில் போய் நின்றுவிடும். 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் கட்டாயம் என்று வந்தபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தானே சாலையில் இறங்கி, ஹெல்மெட் போடாமல் வந்தவர்களை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக என்றார் முதலமைச்சர் நாராயணசாமி. எதிர்க்கட்சி எம்எல்ஏக்கள் சட்டசபைக்கு அருகில் ஹெல்மெட்டைப் போட்டு உடைத்தார்கள். அதே வாரம் முதலமைச்சர் கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ் எதிரில் தர்ணாவில் உட்கார்ந்தபோது அவருடைய புகார்களில் ஹெல்மெட்டும் ஒன்று. ஒரு தலைக்கவசத்தில் யார் யாருக்கு வழி விடுவது என்று தீராமல் ஊரே நடுச்சாலையில் நின்றது. 2025 ஜனவரியில் மறுபடியும் கட்டாயமானது.

ஹெல்மெட் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் போடுகிறவரைக் காப்பவை. எதிரே வருகிறவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஜனவரி மாதச் சாலைப் பாதுகாப்பு ஊர்வலங்களில் பள்ளிப் பிள்ளைகள் பிடித்து வரும் தட்டிகளைப் படித்துப் பாருங்கள். உன் உயிர், உன் குடும்பம், உனக்காக வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றே இருக்கும். இன்னொருவர் வீட்டிலும் காத்திருக்கிறார்கள் என்று ஒரு தட்டி இருந்தால் நன்றாயிருக்கும்.

வெறும் மனசு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. கடலூர், விழுப்புரம் வழித்தடங்களில் ஓடும் தனியார் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்ப இவருக்கு ஒரு டைமிங், பின்னால் வருகிறவருக்குச் சில நிமிடம் கழித்து ஒரு டைமிங். முன் வண்டி கொஞ்சம் தங்கிவிட்டால் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் அதற்குப் போய்விடும். பின் வண்டியின் கலெக்‌ஷன் விழுந்துவிடும். கலெக்‌ஷனைப் பார்த்துத்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படி. அப்படியிருக்கும்போது முந்துவது அவர் குணம் என்று சொல்லிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். ஒரு நிமிட மரியாதைக்கு அவருடைய அன்றைய கூலியிலிருந்து காசு பிடிக்கிற ஏற்பாட்டைச் செய்தவர்கள் வேறு யாரோ. மாதச் சம்பளம், ஒழுங்கான இடைவெளி என்று ஏற்பாட்டை மாற்றினால் அதே டிரைவர் சாதுவாக ஓட்டுவார். நடைபாதையைக் கடைக்கும் பைக் நிறுத்தத்துக்கும் கொடுத்துவிட்டு, நடக்கிறவர் ஏன் சாலையில் இறங்கினார் என்று கேட்பதும் இதே ரகம். இந்திரா சிலைக்கும் ராஜீவ் சிலைக்கும் இடையே 436 கோடி ரூபாயில் மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வரட்டும். மேலே வண்டிகள் வேகமாகப் போகும். கீழே இறங்கி வருகிற இடத்தில் மறுபடி யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும்?

நிற்பதால் வேகம் குறையும் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் ரவுண்டானாக் கதை உதவும். ஒரு காலத்தில் அங்கே ரவுண்டானாவில் யாருக்கு முதல் வழி என்று விதி இல்லை. கூட்டம் கூடிய நேரத்தில் உள்ளே நுழைகிறவர்களும் சுற்றுகிறவர்களும் ஒருவரையொருவர் அடைத்துக்கொண்டு வட்டமே பூட்டிக்கொள்ளும். போலீஸ் வந்துதான் பிரித்துவிட வேண்டும். 1966இல், நுழைகிறவர் வலப்பக்கமிருந்து சுற்றி வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்று விதி செய்தார்கள். சாலையை அகலப்படுத்தவில்லை. விதி வந்த பிறகு வட்டம் பூட்டிக்கொள்வது போயிற்று, அதே வட்டத்தில் அதிக வண்டிகள் போக முடிந்தது. இந்தியாவுக்குள்ளேயே மிசோரத்தின் ஐஸாலைப் பாருங்கள். மலை மேல் குறுகலான சாலைகள், நெரிசல் நம்மைவிடக் குறைவில்லை. பைக்குகள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரு வரிசையாகவும் கார்கள் இன்னொரு வரிசையாகவும் நிற்கும். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தாலும் யாரும் அதில் ஏறிப் போவதில்லை, ஹாரன் அடிப்பதும் இல்லை. அங்கே போலீஸ் கண்டிப்பு அதிகம் என்று சொல்ல முடியாது. வரிசையை உடைக்கிறவனை ஊரே பார்க்கும். உள்தெருவில் நமக்கு இருக்கும் கூச்சம் அவர்களுக்குப் பெரிய சாலையிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

நமக்குப் பெரிய சாலையில் அந்தக் கூச்சம் ஒரே ஒரு வண்டிக்குத்தான் வருகிறது. கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் ஆம்புலன்ஸ், இந்திரா சிலை தாண்டி ராஜீவ் சிலை வழியாகக் கோரிமேட்டுக்கு ஏற வேண்டும். சைரன் கேட்டதும் அந்த நெரிசல் விரிவதைப் பார்க்க வேண்டும். கல்லூரிப் பையன்கள் பைக்கை விட்டிறங்கி முன்னால் நிற்கிற காரைத் தட்டி ஒதுக்குவார்கள். பஸ் டிரைவர் நடுச்சாலையிலிருந்து ஒடித்து ஓரத்தில் ஏற்றுவார். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 2019இல் திருத்திய சட்டம் சொல்கிறது. ஆனால் ஒதுங்குகிறவர்கள் அபராதத்துக்குப் பயந்து ஒதுங்குவதில்லை. அடிபட்ட பின் முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு அருமையானது என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே படுத்திருப்பவர் யாரென்று தெரியாமலே வழி விடுகிறார்கள். ஆக, தெரியாதவருக்கு ஒதுங்க நமக்கு வராது என்பது பொய். ஆம்புலன்ஸ் போனதும் அது திறந்த வழியில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு பைக்கும் ஒரு காரும் பறப்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், அதுவும் நாம்தான். அடிபட்ட பிறகு ஒருவருக்குத் தரும் வழியை அடிபடுவதற்கு முன்பே தந்திருந்தால் ஆம்புலன்ஸே தேவைப்பட்டிருக்காது என்ற கணக்கு மட்டும் நமக்கு ஓடுவதில்லை.

“நான் நின்னா பின்னால வர்றவன் இடிச்சிடுவான் சார்” என்பார்கள். இது சாக்கு இல்லை, நிஜமான பயம். வழி விடுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். திடீர் பிரேக் போட்டு மரியாதை காட்டுகிறவர் பின்னால் வருகிறவருக்குச் செய்வது மரியாதை ஆகாது. கண்ணாடியைப் பார்த்து, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நிற்கப்போகிறோம் என்பதை விளக்கிலோ கையிலோ காட்டிவிட்டு நிற்க வேண்டும். இன்னும் ஆபத்தான ஒன்று இருக்கிறது. நாம் நின்று, நடப்பவரைப் பார்த்து ‘போங்க’ என்று கையசைக்கிறோம். அவர் நம்மை நம்பிக் காலெடுத்து வைக்கிறார். நம் வண்டி மறைக்கிற பக்கத்திலிருந்து ஒரு பைக் நம்மைக் கடந்து வருகிறது. நல்ல மனசே ஒருவரை வண்டிக்கு முன்னால் தள்ளிவிட்டது போல ஆகிவிடும்.

இதைச் சரியாகச் செய்த ஒருவரைச் சாரத்திலேயே பார்த்தேன், ஒரு டெம்போ டிரைவர். பூக்கூடையோடு ஒரு வயதான அம்மா சாலையோரத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். டெம்போ வேகத்தைக் குறைத்து நின்றது. அவர் உடனே “வா” என்று சொல்லவில்லை. வலது கையை வெளியே நீட்டி உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி, தலையைத் திருப்பி, தன்னைத் தாண்டப் பார்த்த பைக்காரனை முதலில் நிறுத்தினார். அவன் கால் ஊன்றிய பிறகுதான் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

“வாம்மா, வா. ஓடாத. மெதுவா வா.”

உள்ளே இருந்தவர்களில் ஒருவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பைக்காரன் முறைத்துக்கொண்டுதான் நின்றான், ஆனால் நின்றான்.

அந்த டிரைவருக்கு இதை எந்த டிரைவிங் ஸ்கூலும் கற்றுக்கொடுத்திருக்காது. லைசென்ஸ் வாங்கப் போகிற நம் பிள்ளைகளை எட்டுப் போடச் சொல்கிறோம். கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால் தேர்வு முடிந்தது. ஊன்ற வேண்டிய இடத்தில் காலை ஊன்றுகிறானா, முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறானா, குறுக்கே வருகிறவருக்கு நிற்கிறானா என்று அந்த மைதானத்தில் யாரும் பார்ப்பதில்லை, பார்க்க அங்கே எதிரே யாரும் வருவதும் இல்லை. ஆர்டிஓ ஆபீஸ் அதைச் சேர்க்கும் வரை அந்தப் பாடம் வீட்டில்தான் நடக்கிறது, அதுவும் பிள்ளைக்கு விவரம் தெரியாத வயதிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் ஸ்கூட்டர் முன்னால் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அப்பாவோடு பள்ளிக்குப் போகிற யூகேஜி பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் போகிறது. குறுக்கே ஒருவன் வந்தால் அப்பா வாயிலிருந்து என்ன வருகிறது என்பதையும் அது கேட்டுக்கொள்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு அது சாவியைக் கேட்கும்போது நாம் புத்திமதி சொல்லத் தொடங்குவோம். அதற்குள் அது ஓட்டக் கற்றுக்கொண்டு பத்து வருஷம் ஆகியிருக்கும்.